புதுவை நாட்டில் அயலாரும் குடியுரிமையும்

நம் தமிழில் 'அயலார்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அடுத்த வீட்டில் குடியிருப்பவரும் அயலார். வேறு நாட்டினின்றும் வந்தவரும் அயலார். இவ்விரு பொருளும் ஒரே சொல்லுள் அடங்கிக் கிடப்பதன் நுட்பத்தைப் புதுவை நாட்டுக் கிராமங்களைப்போல் மெய்ப்பித்துக் காட்டிய இடம் பிறிதொன்று காண்பது அரிது. வில்லியனூரிலும் பாகூரிலும் அடுத்த வயற்காரனே அடுத்த தேசத்துப் பிரஜையாகவும் இருந்த காலம் நெடியது. நம் சங்கத்து அங்கத்தினருள் பலர் அவ்வூர்களிற் பிறந்தவர்; பெண் கொடுத்தும் கொண்டும் எல்லையின் இருபுறத்தும் உறவு வளர்த்தவர். ஆதலின், அயலாரென்று எண்ணப்பட்டோரும் சிறு தொகையினரும் தாழ்ந்தோரென்று ஒதுக்கப்பட்டோரும் இம்மண்ணில் எவ்வுரிமையைப் பெற்றனர், எதனை இழந்தனர் என்பதைச் சிறிது ஆராய்வோம். இது பழங்கதையன்று, நம் வாசற்படியில் இன்றும் நிற்கும் விஷயமென்பது முடிவில் விளங்கும்.

எல்லைக் கோட்டின் வரலாறு

பாகூர் பழம்பெரும் ஊர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டன என்பதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறும். மூலநாதர் கோயிற் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் பல உள. வில்லியனூரோ திருக்காமீசுவரர் கோயிலால் பெயர் பெற்றது. லூர்து மாதா ஆலயமும் அவ்வூருக்குப் பிற மதத்தாரை ஆண்டுதோறும் அழைத்து வருகின்றது.

இவ்வூர்கள் 1749-ஆம் ஆண்டில், சந்தா சாகிப், முசாபர் ஜங் ஆகியோரின் தயவால், டியூப்ளேயின் காலத்தில் பிரெஞ்சுக்காரர் வசமாயின. பின்னர்ப் போர்களில் கைமாறிக் கைமாறி, 1816-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலீஷ்காரர் புதுவையைத் திருப்பிக் கொடுத்தபோது நிலைபெற்றன. ஆனால் நாடு ஒரே விரிப்பாகக் கிடைக்கவில்லை. ஒட்டுப்போட்ட துணியைப்போல், இங்கொரு கிராமம் பிரெஞ்சு, அங்கொரு கிராமம் இங்கிலீஷ் என்று பிரிந்தது. வீடு ஒரு சர்க்காரிலும் வயல் மற்றொரு சர்க்காரிலும் உடையவர் பலர். ஏரியில் வரும் நீர் எல்லையறியாது பாயும். அந்நீரைப் பாய்ச்சும் மனிதனோ எல்லையறிந்தே நடக்கவேண்டும். உப்புக்கும் சாராயத்துக்கும் துணிக்கும் சுங்கக்காரர் காவலிருந்தனர். 1941-இல் இரு சர்க்காருக்கும் ஏற்பட்ட சுங்க உடன்படிக்கை 1949-இல் முறிந்தபோது, சந்தைக்குச் செல்லும் மூட்டைகளுக்கு மீண்டும் சோதனை வந்தது. அயலார் என்னும் சொல் கிராமத்தானுக்கு முதலில் இவ்வாறே உணர்த்தப்பட்டது.

வழக்கத்தின் காவலும் சப்பாத்து வழக்கும்

பிரெஞ்சு ஆட்சியார் 1819-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி ஒரு பிரகடனம் செய்தனர். இந்தியர்கள், இந்துக்களாயினும் கிறிஸ்தவர்களாயினும் முகம்மதியர்களாயினும், தத்தம் ஜாதிச் சட்டத்தின்படியும் வழக்கத்தின்படியும் நியாயம் பெறுவர் என்பதே அதன் சாரம். அவ்வழக்கங்களை எடுத்துரைக்க 1827-இல் உள்ளூர்ப் பெரியோரைக்கொண்ட ஓர் ஆலோசனைச் சபையும் நிறுவப்பட்டது. அந்நிய அரசு நம் ஆசாரத்தில் தலையிடாமை நன்றென்றே அக்காலத்துப் பெரியோர் மகிழ்ந்தனர். மகிழ்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. வழக்கத்தைக் காக்கும் அரசு, வழக்கத்திலுள்ள கொடுமையையும் சேர்த்தே காக்கும். சேரியில் வாழ்பவன் ஊர்த்தெருவில் செருப்பணியலாகாது, குடை பிடிக்கலாகாது, பொதுக் கிணற்றை அணுகலாகாது என்பனவும் வழக்கமே அல்லவா? கிறிஸ்து மதத்தைத் தழுவினோர்க்கும் இது தீரவில்லை. புதுவையிலிருந்த தேவாலயத்தில் உயர்ஜாதியாரையும் பறையரையும் பிரித்து நின்ற சுவரைப்பற்றி 1745-இல் நேர்ந்த கலகத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினசரியில் எழுதிவைத்திருக்கிறார்.

இத்தகைய வழக்கத்துக்கு எதிராகச் சட்டத்தின் துணையை நாடிய முதற் பெருவழக்குச் செருப்பைக் குறித்தே எழுந்தது வியப்பன்று. 1873-ஆம் ஆண்டில் பொன்னுத்தம்பி என்னும் புதுவை வழக்கறிஞர் ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துள் நுழைந்தார். இந்தியன் நீதிபதியின் முன் காலணியோடு நிற்றல் அவமரியாதை என்று தீர்த்து அவரைத் தண்டித்தனர். அவர் பணிந்து போகவில்லை. பாரிஸ் மாநகரத்துத் தலைமை நீதிமன்றம் வரையிற் சென்று முறையிட்டார். தமக்குச் சாதகமான தீர்ப்பும் பெற்றார். பிற்காலத்தில் அவர் 'லா போர்த்து' என்னும் குடும்பப் பெயரை மேற்கொண்டார். பிரெஞ்சு மொழியில் அதற்கு 'வாயில்' என்று பொருள். தாம் திறந்த வாயிலில் மற்றவரும் நுழையவேண்டுமென்னும் கருத்தை அப்பெயர் காட்டுகின்றது.

இங்கே நாம் உற்று நோக்கவேண்டியது ஒன்று. பாரிஸிலிருந்த நீதிபதிகள் நீதிமன்றத்தின் கதவைத் திறக்க வல்லவராயினர். பாகூரில் ஒரு சந்தின் முனையில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவனுக்கு அத்தீர்ப்பு எட்டவில்லை. அங்கே நீதிபதி அடுத்த தெருக்காரரே. மேல்முறையீடு செய்ய அவனுக்கு வேறு இடமில்லை.

மூன்று பட்டியல்கள்

பிரெஞ்சு இந்தியர்க்கு வாக்குரிமை பிரிட்டிஷ் இந்தியர்க்கு முன்னரே வந்தது. பாரிஸ் சட்டசபைக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பும் உரிமை 1848-இல் தோன்றி மறைந்து, 1871-இல் மீண்டும் வந்தது. 1880-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் தேதிச் சட்டத்தால் கொம்யூன்கள் பிறந்தன. புதுவை, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்னும் நான்கும் அப்போது தோன்றியவை. 1907-இல் இவை மேலும் பகுக்கப்பட்டு, பிரெஞ்சு இந்தியா முழுதும் 17 கொம்யூன்களாயிற்று. ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு மேர். அவருடைய அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியவற்றின் பதிவேடு. இப்பதிவேட்டின் பெருமையைப் பின்னர்க் கூறுவோம்.

1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி வெளிவந்த சட்டம் ஒரு புதிய வழியைக் காட்டிற்று. ஜாதி வழக்கத்தின்படி நியாயம் பெறும் நிலையைத் துறந்து, பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தை ஏற்பதாக எழுதிக் கொடுப்பவர், ஒரு குடும்பப் பெயரைச் சூடி, பிரெஞ்சுக்காரரைப்போலவே அச்சட்டத்துக்கு உட்பட்டவராவர். ஒருமுறை துறந்தால் மீளுதல் இல்லை. இவர்களையே நம் ஊரார் 'ரெனோன்சான்' என்பர். கிறிஸ்தவரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் இவ்வழியைப் பெரிதும் நாடினர். ஜாதி கொடுத்த பெயரை நீக்கிச் சட்டம் கொடுத்த பெயரை அணிந்தால் இழிவு நீங்கும் என்று அவர்கள் நம்பியது இயல்பே. உயர்ஜாதி இந்துக்களின் தலைவராய் விளங்கிய சண்முக வேலாயுத முதலியார் கட்சியார் இதனை எதிர்த்தனர். ஆசாரம் அழியும் என்று அஞ்சினர்.

நம்பியோர் அடைந்தது யாது? 1884-இல் வாக்காளரை மூன்று பட்டியல்களாகப் பிரித்தனர்: ஐரோப்பியர் ஒன்று, ரெனோன்சான்கள் ஒன்று, ஏனைய இந்தியர் ஒன்று. தலைக்கணக்கிற் சிறு பிடியளவான ஐரோப்பியர், தம் தொகைக்குப் பன்மடங்கு மிகுந்த இடங்களைப் பெற்றனர். ஐரோப்பியரோடு சமமென்று எழுதிக்கொடுத்தவர் அவர்தம் பட்டியலில் ஏறவில்லை. தம் பழைய இனத்தாரின் பட்டியலினின்றும் பிரிந்தனர். 1899-இல் ரெனோன்சான்களின் தனிப் பட்டியலும் எடுபட்டது. படிப்பு, பதவி முதலிய நிபந்தனைகளை நிறைவேற்றிய சிலரே ஐரோப்பியர் பட்டியலுட் புக இயன்றது. அவருட் பலர் சைகோன் சென்று உத்தியோகம் பார்த்தனர். அங்கும் ஐரோப்பியர்க்குச் சமமான ஊதியமும் வாக்கும் வேண்டி வழக்காடவே நேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரே பட்டியல் வேற்றுமை முற்றும் ஒழிந்து, ஆடவர் பெண்டிர் யாவர்க்கும் ஒரே வாக்கு வந்தது.

அதற்கிடையில் கிராமங்களில் நடந்த தேர்தல்களின் அழகை முதியோர் சொல்லக் கேட்டவர் நம்முள் பலர். தடியர்கள் சாவடியை வளைத்துக்கொள்வர். வாக்காளன் வருமுன்னரே அவன் பெயரால் வாக்கு விழுந்திருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. வாக்குரிமை ஏட்டில் இருந்தது. சாவடியின் வழியில் அயலார் நின்றனர்.

தமிழர் தமிழ் மண்ணில் அந்நியர்

1908-இல் சுப்பிரமணிய பாரதியார் பிரிட்டிஷ் சர்க்காரின் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுவை வந்தார். 1910-இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். எட்டையபுரத்தில் பிறந்து தமிழையே மூச்சாகக் கொண்ட ஒருவர், தமிழ் பேசும் புதுவையில் சட்டப்படி அந்நியர்! பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவர் வாசலில் காவலிருந்தனர். 1911-இல் ஆஷ் கொலைக்குப் பின் சந்தேகம் பன்மடங்காயிற்று. அதே ஆண்டில் அந்நியரைக் கட்டுப்படுத்தப் புதுவையில் ஒரு சட்டம் பிறந்தது. வெளியினின்று வந்து தங்குவோர் பதிவு செய்துகொள்ளவேண்டும், அவர்தம் நன்னடத்தைக்கு உள்ளூர்க் கண்ணியவான்கள் ஐவர் கையொப்பமிட்டுச் சான்று தரவேண்டும், இன்றேல் வெளியேறவேண்டும்.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பகையைத் தேடிக்கொண்டவர்க்குச் சான்று தருதல் எளிய செயலன்று. எனினும் கலவை சங்கரன் செட்டியார் முதலிய புதுவைவாசிகள் முன்வந்தனர். ஐந்து கையொப்பங்களும் கிடைத்தன. அவ்வைந்து கையொப்பங்களால் தமிழ் நாடும் இந்திய நாடும் அடைந்த நன்மையை இங்கு விரிக்கவேண்டுவதில்லை. பாரதியாரின் பெரும் படைப்புக்கள் பல புதுவையிலேயே உருவாயின. அவர் 1918-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி எல்லையைக் கடந்து கடலூர்ப் பக்கம் கால்வைத்ததும் கைதானார். டிசம்பர் 14-இல் விடுதலையானார். பாகூர் நாட்டின் ஓரத்தில் சில கஜதூரம் நடப்பதற்குள் மனிதனின் சுதந்திரம் மாறிவிடுகின்றது!

பெயர்பெற்றோர்க்கு ஐவர் கிடைத்தனர். பிழைப்பு நாடி எல்லை கடந்து வந்த நெசவுத் தொழிலாளிக்கும் வயற்கூலிக்கும் எத்தனை பேர் கிடைத்திருப்பர்? சட்டம் இருவருக்கும் ஒன்றே. அயலான் கைதான் வேறு.

பிறந்த ஊரில் பிறநாட்டினர்

1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி வில்லியனூரைச் சார்ந்த கீழூரில் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்திய யூனியனோடு இணைய வாக்களித்தனர், 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறிற்று. எல்லைக் கோடு அழிந்தது என்று ஊரெல்லாம் மகிழ்ந்தது. கோடு நிலத்தினின்று அழிந்து வீட்டுக்குள் புகுந்ததைச் சிலரே அன்று கண்டனர்.

1956-ஆம் ஆண்டு மே 28-இல் கையொப்பமான உடன்படிக்கை 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-இல் அமலுக்கு வந்தது. அதன்படி, இப்பிரதேசத்திற் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுப் பிரஜைகள் இந்தியப் பிரஜைகளாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுவோர் ஆறு மாதத்துள் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். பிரெஞ்சுப் படையிற் சேவித்துப் பென்ஷன் பெற்ற சொல்தாக்களும், சைகோன் உத்தியோகஸ்தர் குடும்பத்தாரும் அதன் பொருளை அறிந்திருந்தனர். ஏர் பிடித்தவனும் களை பறித்தவளும் ஆறு மாதம் கழிந்தபின் அறிந்தனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணன் பிரெஞ்சுக்காரனாகவும் தம்பி இந்தியனாகவும் நின்ற குடும்பங்கள் உண்டு. தம்பி வில்லியனூர்ச் சாவடியில் வாக்களிப்பான். அண்ணன் பிரான்சு நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பான். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒப்புவதில்லை. ஆதலின் அண்ணன் தான் பிறந்த தெருவிலேயே வெளிநாட்டான். 2005-இல் தோன்றிய கடல்கடந்த இந்தியக் குடியினர்க்கான அட்டை அவர்போன்றார்க்குத் தங்கும் வசதியைத் தந்தது. வாக்கையும் அரசாங்கப் பதவியையும் தரவில்லை.

எனினும் இவர்களிடம் ஒரு செல்வம் இருந்தது. மேர் அலுவலகத்தின் பிறப்புப் பதிவேடே அது. பாட்டன் எங்கு, எந்நாளில் பிறந்தான் என்று அவர்கள் காட்ட இயன்றது. அச்செல்வம் இல்லாதவர் கதியை அறியக் கடல் கடந்து இலங்கையை நோக்குக. அங்கு 1948-ஆம் ஆண்டு 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தந்தை, அல்லது பாட்டனும் அவன் தந்தையும், அத்தீவிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. காட்டை அழித்துத் தேயிலைத் தோட்டம் ஆக்கிய நம் மலையகத் தமிழர் அச்சான்றுக்கு எங்கே போவர்? இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்க்கலாம் என்று விட்டது. மந்தையைப் பிரிப்பதுபோல் மாந்தரைப் பிரித்த அச்செய்கைக்கு முற்றுப்புள்ளி 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே வந்தது. தாயகம் வந்த மலையகத்தாரை இங்குள்ள நம்மவர் 'சிலோன்காரர்' என்றே ஒதுக்கினர். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். இரு கரையிலும் அயலார்.

சட்டமும் அயலாரும்

நம் அரசியல் சட்டம் இவ்விஷயத்தில் கூறுவதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நன்று. பேச்சு, கூட்டம், சங்கம், எங்கும் குடியிருத்தல் முதலிய 19-ஆம் பிரிவின் உரிமைகள் பிரஜைகளுக்கே உரியவை. சட்டத்தின்முன் சமத்துவம் என்னும் 14-ஆம் பிரிவும், உயிரும் உடற்சுதந்திரமும் காக்கும் 21-ஆம் பிரிவும் எந்த மனிதனுக்கும் உரியவை. அவன் எந்நாட்டானாயினும் ஆகுக. தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவு சர்க்காரை மட்டும் நோக்கிப் பேசவில்லை. நம் ஒவ்வொருவரையும் நோக்கிப் பேசுகின்றது. அதனை அமல்செய்ய எழுந்த 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அப்பெயர் மாற்றம் பொருளுடையது. டீக்கடையில் தனிக் குவளை வைத்தல் ஒருவனது குடியுரிமையைப் பறித்தலேயாகும் என்பது அதன் கருத்து.

1996-இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகளைப்பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் நினைவில் வைக்கத்தக்கது. அகதிகளை வெளியேறும்படி அச்சுறுத்தியவர் சர்க்கார் அல்லர். அவ்வட்டாரத்து மக்களுள் ஒரு சங்கத்தார். சங்கத்தாரின் அச்சுறுத்தலினின்றும் மனிதரின் உயிரைக் காத்தல் சர்க்காரின் கடமை என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. சங்கம் என்னும் சொல் அங்கு வருவதை, சங்கமாகக் கூடியிருக்கும் நாம் கவனித்தல் வேண்டும்.

நம் கடமை

மேற்கண்ட நிகழ்ச்சிகளையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். சட்டம் பாரிஸிலிருந்தோ டில்லியிலிருந்தோ வரும். அது பாகூர்த் தெருவில் உயிர்பெறுவதும் உயிரிழப்பதும் அயலாரின் கையிலேயே. சப்பாத்து வழக்கிற் கிடைத்த தீர்ப்பைச் சந்தின் முனையில் மாய்த்தவரும் அயலார். அந்நியர் சட்டத்தின் கொடுமையை ஐந்து கையொப்பங்களால் தணித்தவரும் அயலாரே.

நம் சங்கம் போன்ற ஜாதிச் சங்கங்கள் பிறந்தது எதற்காக? நம்மைக் கீழ்மைப்படுத்தும் சொற்களை நீக்கவும், கல்வியும் உத்தியோகமும் கேட்கவும், தனியொருவன் குரல் எட்டாத இடத்தில் பலர் குரலாய் நிற்கவுமே. அக்கோரிக்கைகள் நியாயமானவை. ஆனால் மேலே பார்த்துச் சமத்துவம் கேட்பவர், கீழே பார்த்து அதனை மறுப்பாராயின், கேட்டது சமத்துவமன்று. படியில் ஓர் இடம் மேலேற வழியே கேட்டதாகும். நம் தெருவில் சேரிப்பிள்ளை மாப்பிள்ளைக் கோலத்தில் ஊர்வலம் வரும்போது முகம் சுளிப்பவர், மகாநாட்டில் உரிமைத் தீர்மானம் நிறைவேற்றுவதனால் என்ன பயன்?

இன்று வில்லியனூர்ப் பக்கத்துச் சேதராப்பட்டிலும், அடுத்துள்ள திருபுவனையிலும் ஆலைகளில் உழைக்க பீகார், ஒடிசா முதலிய இடங்களினின்றும் இளைஞர் வருகின்றனர். அவர் மொழி நமக்கு விளங்குவதில்லை. முன்னாளில் ரெயூனியனுக்கும் சைகோனுக்கும் சென்ற நம் பாட்டன்மாரின் மொழியும் அங்குள்ளார்க்கு விளங்கவில்லை. எல்லைக்கப்பால் நாலு கல் தொலைவிலிருந்து மணமாகி வரும் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்ணை, சான்றிதழ் வேண்டும்போது, 'உன் பூர்வீகம் எங்கே?' என்று கேட்கின்றனர். 1964-ஆம் ஆண்டு அட்டவணை ஆணை அவ்வினாவுக்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றது. பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் கிழவரை அவர் பிறந்த தெருவே பாதி அயலாராகப் பார்க்கின்றது. கோடுகள் போயின என்கிறோம். கோடு போடும் வழக்கம் போகவில்லை.

ஆகவே, அன்பர்களே, நாம் செய்யத்தக்கவை பெரியனவல்ல. வாடகைக்கு வீடு கேட்டு வருபவனிடம் ஜாதியும் மதமும் தேசமும் வினவாதிருத்தல். எழுதப்படிக்கத் தெரியாதவர்க்குப் பிறப்புச் சான்றும் குடும்ப அட்டையும் பெற உடன் செல்லுதல். சாட்சிக் கையொப்பம் வேண்டி ஒருவன் நம் வாசலில் நின்றால், அவன் நம்மவனா என்று ஆராயாமல், அவன் சொல்வது மெய்யா என்று மட்டும் ஆராய்ந்து கையொப்பமிடுதல். அவ்வாறு கேட்கப்படும்போது, 1911-இல் புதுவையில் ஐவர் இட்ட கையொப்பத்தை நினைத்துக்கொள்வோமாக. அவர் எவர் பொருட்டு இடுகின்றோம் என்று முன்னரே முழுதும் அறிந்தவரல்லர். அயலாருக்கு அயலாராக நடந்தனர், அவ்வளவே. நம்மிடமும் நாடு அதற்கு மேல் கேட்கவில்லை.